மாத்து ஆள்

காலையிலிருந்தே வீட்டில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆனால் குளியலறைச் சுவரோடு ஏறும் அந்த இரும்புக் குழாய்க்குள், துருவும் ஈரமும் கலந்து நாறும் அந்த இருட்டுக்குள், யாரோ நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். டங். டங். டங். கொஞ்சம் ஓய்ந்து, மறுபடியும்.

"காத்து அடைச்சிருக்கும்," என்றாள் அவள், துணியை மடித்தபடி.

கட்டிலில் சுருண்டிருந்த கணவன் காதைப் பொத்திக்கொண்டான். "காத்து இல்ல. மாத்து ஆள் கேக்குறான்."

கணவனும் அவள் தம்பியும் ஒரே சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள். கீழே நிற்பவன் ஓய்ந்துபோனால் மண்வெட்டியால் குழாயில் மூன்று தட்டுத் தட்டுவான். பதில் தட்டு கேட்டதும் அவன் மேலே ஏறிவிடுவான்; பதில் தட்டியவன் இறங்கியே ஆகவேண்டும். அதில் பேச்சுக்கே இடமில்லை. போர்க்காலத்தில் ஒருநாள் அப்படிப் பதில் தட்டியவன் தம்பி. மேலே வந்த கணவன் சிகரெட்டைப் பற்றவைப்பதற்குள் எதிரியின் டார்பிடோ குண்டு கப்பலைப் பிளந்துவிட்டது.

"மச்சான் இன்னும் கீழதான் நிக்கிறான். யாரும் பதிலுக்குத் தட்டிடாதீங்க."

"கரி அள்ளினா புத்தியும் கரியாப் போயிடுமா?" என்று கிண்டலடித்தாள். அடித்த கையோடு அழுதுவிட்டாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். அவன் தவிப்பது போலவே இருந்தது அந்தச் சத்தம். அவள் கை கரண்டியை எடுக்கப் போனது. கூடத்தில் மகள் பாப்பா விளையாடிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றென்றால் இவளை யார் பார்ப்பது? கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

வெயில் சாயச் சாயத் தட்டு வேகமானது. சமையலறையில் கரிப்புகை நெடி. அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை.

டிங். டிங். டிங்.

இது வேறு சத்தம். மெல்லிய சத்தம். ஸ்பூன்.

"பாப்பா?"

குழாய் ஓய்ந்தது. வாசல் கதவு திறந்தது.

தம்பி நின்றான். உடம்பெல்லாம் கரி. சட்டை சொட்டியது.

"மாத்து ஆள் வந்தாச்சுக்கா. அதான் மேல வந்துட்டேன்."

"யாருடா வந்தது?"

"தெரியலக்கா. ஒரே இருட்டு." சிரித்தான். வாயிலிருந்து கடல்நீர் வழிந்தது. "ரொம்பச் சின்னக் கை."

குளியலறைக்கு ஓடினாள். யாருமில்லை. குழாயைப் பிடித்தாள். சுட்டது.

அடியாழத்தில், டிங். டிங். டிங்.

கரண்டியை எடுத்து அடித்தாள். மறுபடி அடித்தாள். இரும்பு நெளியும்வரை அடித்தாள். பதில் கேட்டால் மேலே ஏறவேண்டும் என்று பாப்பாவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் கீழேயிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள்.