பச்சைக்கொடிக்குப் பின்னால் வந்த ரயில்

புஷ்பவல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? தைப்பூசத்தன்று விடியற்காலையில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பிய ரயில் அது. மூன்றாம் வகுப்புப் பெட்டி முழுக்க மஞ்சள் சேலைகளும் பால்குடங்களும்தான். முருகன் குடியிருக்கும் பத்துமலை அதோ, ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எதிரிலேயே நிற்கிறது. ரயில் மட்டும் ஒரு குட்டி ஸ்டேஷனில் ஓரமாக ஒதுங்கி, அசைவேனா என்று நின்றது. வெயில் ஏறிக்கொண்டே போயிற்று.

அம்மா இராஜம்மா பால்குடத்தை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்திருந்தாள். நேர்ந்துகொண்ட பால்குடத்தைத் தரையில் வைக்கக் கூடாது. பால் முருகனிடம் போய்ச் சேரும்வரை அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். எல்லாம் தம்பி நாகையாவுக்காகத்தான். மலைக்காய்ச்சலில் கிடந்து, பிழைப்பானா என்று எல்லோரும் பயந்த பிள்ளை அவன். இப்போது அப்பாவின் தோளில் உட்கார்ந்து, அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு குதிரை ஓட்டினான்.

"பால் திரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு புள்ள" என்றாள் அம்மா. அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. "திரிஞ்ச பாலை எப்படிச் சாமிக்குக் கொடுக்கிறது?"

அந்த வழியாக வந்த ரயில் கார்டை, பக்கத்தில் பால்குடத்தோடு உட்கார்ந்திருந்த நல்லம்மாள் அக்கா மடக்கினாள்.

"அண்ணே, இந்த வண்டி இன்னிக்குப் போகுமா, இல்ல அடுத்த தைப்பூசத்துக்குத்தானா?"

"நான் என்னம்மா செய்வேன்? முன்னால ஸ்பெஷல் நிக்குது. கப்பல்ல வந்த வெள்ளைக்காரங்க ரயிலு. மெத்தை நாற்காலி, பட்டுத் திரை, உள்ளேயே சமைக்கிறதுக்குக் குசினி எல்லாம் இருக்கு. மெதுவாப் போனாத்தான் மலையோட அழகு தெரியுமாம். நல்லா இருக்கிற இடத்துல எல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்துட்டுப் போறாங்க."

"அவங்க மலையைப் பார்க்கிறதுக்கு நாங்க இங்க வேகணுமா?" என்று கேட்டாள் புஷ்பவல்லி.

கார்டு தொப்பியைச் சரிசெய்துகொண்டு நழுவிவிட்டார்.

"அப்பா, நாம ஸ்பெஷலைத் தாண்டிப் போக முடியாதா?"

புஷ்பவல்லியின் அப்பா கன்னையா தண்டவாளம் பழுது பார்க்கும் வேலைக்காரர். விடுமுறை நாளில்கூட அவர் இடுப்பில் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் செருகியிருக்கும். தூங்கும்போது அவற்றைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். "கட்டின பொண்டாட்டிகூட அப்புறம்தான்" என்று அம்மா கேலி செய்வாள்.

"இது ஒத்தைக் கம்பிச் சடக்கும்மா, போக வர ஒரே பாதைதான்" என்றார் அப்பா. "இதுல ஓட்டுறதுக்கு டிரைவர் கையில ஒரு வளையம் கொடுப்பாங்க. ஒருத்தர்கிட்ட வளையம் இருந்தா, வேற ரயில் இதுக்குள்ள நுழையவே முடியாது. இப்ப வளையம் ஸ்பெஷல்கிட்ட இருக்கு. அது மலையடிக்குப் போய்ச் சேர்ந்தாத்தான் நமக்கு வழி."

"நான் போய்க் கேட்கிறேன்" என்று புஷ்பவல்லி குதித்து இறங்கிவிட்டாள்.

ஸ்பெஷல் கொஞ்ச தூரம் தள்ளி நின்றுகொண்டிருந்தது. பெட்டிகள் பளபளவென்று மின்னின. தண்டவாளத்து ஓரம் புல்லில் ஒரு கம்பளம் விரித்து, நாற்காலி போட்டு, வெள்ளைக்காரர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய தொப்பி போட்ட ஒரு துரைசாணி மலையைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு கண்ணாடித் தட்டில் ஐஸ் கட்டிகள் வீணாக உருகிக்கொண்டிருந்தன. அம்மாவின் காய்ந்த உதடு புஷ்பவல்லிக்கு ஞாபகம் வந்தது.

கேக் தட்டை ஏந்திக்கொண்டு நின்ற பட்லர் அவளைப் பார்த்துப் பதறினார். அவர் பெயர் கொர்னேலியஸ். கிள்ளான் ஊர்த் தமிழர்.

"ஏய் பாப்பா, இங்க எல்லாம் வரக் கூடாது!"

"அங்கிள், இந்த ரயிலை எப்ப எடுப்பாங்க?"

"அந்த மேம் படத்தை முடிக்கணும். அப்புறம் சாப்பாடு இருக்கு."

"பால் கெட்டுப்போயிடும் அங்கிள். எங்க அம்மா தண்ணிகூடக் குடிக்கல. அவங்ககிட்டச் சொல்லுங்களேன்!"

கொர்னேலியஸ் தயங்கித் தயங்கிப் போய் இங்கிலீஷில் சொன்னார். துரைசாணி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள்.

பிஸ்கட்! புஷ்பவல்லிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்குப் பிஸ்கட் வேணாம். வழி வேணும்னு சொல்லுங்க."

அதற்குள் ஸ்பெஷலின் வெள்ளைக்கார மேனேஜர் விறுவிறுவென்று வந்துவிட்டார். கையை வீசி ஏதோ கத்தினார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் புஷ்பவல்லி.

கொர்னேலியஸ் தலையைக் குனிந்துகொண்டார். "இவங்க மெதுவாப் போறதுக்குத்தான் நிறையப் பணம் கட்டியிருக்காங்களாம். உங்க ஆளுங்க காத்துக்கிட்டுத்தான் இருக்கணுமாம். நீங்க காத்திருந்து பழக்கப்பட்டவங்களாம்."

புஷ்பவல்லி திரும்பி நடந்தாள். அழுகை வந்தது. ஆனால் அவர்கள் பார்க்க அழுவதா? பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். காத்திருந்து பழக்கப்பட்டவர்களாம்! இந்தத் தண்டவாளத்தைப் போட்டதே அப்பாவைப் போன்றவர்கள்தானே? அதன் மேல் ரயிலை நிறுத்திக் கேக் தின்கிறவர், அவர்களைக் காத்திருக்கச் சொல்கிறாரே!

வழியில் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சேறும் முள்ளுமாகக் கிடந்தது. நடுவில் கட்டைகள் வரிசையாக மலைவரைக்கும் போயின. சட்டென்று ஓட்டமெடுத்தாள்.

"அப்பா! அந்த வளையம் ஸ்பெஷல்கிட்ட இருக்கிற வரைக்கும் வேற எந்த ரயிலும் வராதுல்ல?"

"வராது."

"எதிர்ப்பக்கத்துல இருந்தும்?"

"எந்தப் பக்கத்துல இருந்தும் வராது. ஏன் கேட்கிற?"

"அப்ப நாம நடந்தே போயிடலாமே! ஸ்பெஷலைத் தாண்டிட்டா அப்புறம் ரயிலே கிடையாது."

அப்பா யோசித்தார். "தண்டவாளத்துல நடக்கக் கூடாதுன்னு உனக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? சரி, வேற ரயில் வராது. ஆனா நாம முன்னால போனப்புறம் அந்த ஸ்பெஷலே கிளம்பிட்டா?"

புஷ்பவல்லி அவர் இடுப்பிலிருந்து பச்சைக்கொடியை உருவினாள். "இதை மெதுவா அசைச்சா என்ன அர்த்தம்?"

"பாதையில ஆளுங்க இருக்காங்க, ஊர்ந்து வான்னு அர்த்தம்." அப்பாவின் முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது. "அடிக் கழுதை!"

"அம்மா கையில குடம் இருக்கு. உங்க தோள்ல தம்பி இருக்கான். என் கைதான் சும்மா இருக்கு. நான் கடைசியா வரேன்."

அப்பா சிவப்புக்கொடியையும் அவள் இடுப்பில் செருகினார். "ரொம்பக் கிட்ட வந்தா இதைக் காட்டு. எந்த டிரைவரா இருந்தாலும் நின்னுதான் ஆகணும். நானும் உனக்கு முன்னாலயேதான் நடப்பேன்."

நல்லம்மாள் அக்கா முதல் ஆளாகக் குடத்தைத் தலையில் ஏற்றினாள். "எழுந்திரிங்கடி! இவங்க சாப்பிட்டு ஏப்பம் விடுற வரைக்கும் என் முருகன் காத்திருக்க மாட்டான்."

நடக்க முடியாதவர்கள் மட்டும் ரயிலில் தங்கினார்கள். மற்றவர்கள் மஞ்சள் சேலையும் தலையில் குடமுமாக ஒருவர் பின் ஒருவராகக் கட்டைகளின் மேல் நடந்தார்கள். கார்டு, "ஏம்மா, ஏம்மா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு, நான் எதையும் பார்க்கவில்லை என்பதுபோல வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்பெஷல் நின்ற இடத்தில் எல்லோரும் புல்லில் இறங்கி அதன் பக்கமாகப் போனதும் துரைசாணி துள்ளி எழுந்தாள். "ஓ! ஓ!" என்று கைதட்டினாள். கொர்னேலியஸைக் கூப்பிட்டுப் படபடவென்று பேசினாள்.

"பாப்பா, மேமுக்கு உங்களை எல்லாம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு. மலைக்கு முன்னால உங்களை நிக்க வச்சு வரையணுமாம். கொஞ்ச நேரம் அசையாம நிக்கச் சொல்றாங்க."

இத்தனை நேரம் நிற்க வைத்தது போதாதாம்! இன்னும் நிற்க வேண்டுமாம், அதுவும் அசையாமல்!

"நிக்க மாட்டோம்னு சொல்லுங்க" என்றாள் புஷ்பவல்லி. "பார்க்கணும்னா பின்னால வரட்டும்."

கொர்னேலியஸ் இதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. சொல்லும்போது அவர் மீசை துடித்தது. பால்குடங்கள் இன்ஜினையும் தாண்டி மறுபடி கட்டைகளின் மேல் ஏறிவிட்டன. துரைசாணியோ, "போகிறார்களே, போகிறார்களே!" என்று தன் பாஷையில் கத்திக்கொண்டு ரயிலில் ஏறினாள். கம்பளத்தைச் சுருட்டினார்கள். நாற்காலிகளை உள்ளே தள்ளினார்கள். ஸ்பெஷல் ஊதிக்கொண்டு கிளம்பியது.

புஷ்பவல்லி திரும்பி நின்று பச்சைக்கொடியை உயர்த்தினாள். கொடியை மெதுவாக, மிக மெதுவாக அசைத்தாள்.

இன்ஜினிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். அவர் பெயர் அய்யாவு. கொடியைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த சின்னக் கையைப் பார்த்தார். முன்னால் போகும் குடங்களைப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு வேகத்தைக் குறைத்தார்.

முன்னால் பால்குடங்கள் நடந்தன. பின்னால் பட்டுத் திரை போட்ட ரயில் ஊர்ந்து வந்தது. நல்லம்மாள் அக்கா, "வேல் வேல்!" என்றதும் எல்லோரும், "வெற்றி வேல்!" என்றார்கள். நாகையா அப்பாவின் தோளில் திரும்பி உட்கார்ந்து இன்ஜினைப் பார்த்து, "நல்லா வா, நல்லா வா" என்று அதட்டினான்.

மேனேஜரால் பொறுக்க முடியவில்லை. ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார். கொர்னேலியஸும் அடுத்த ஜன்னலில் தலையை நீட்டினார்.

"பாப்பா! எவ்வளவு நேரம் இப்படியே ஊர்ந்து போறதுன்னு துரை கேட்கிறாரு!"

புஷ்பவல்லி கொடியை இறக்கவில்லை.

"மெதுவாப் போனாத்தான் மலையோட அழகு தெரியும்னு சொல்லுங்க அங்கிள்!"

கொர்னேலியஸ் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவர் சிரிக்கிற சத்தம் மட்டும் வெளியே கேட்டது.

மலையடியில் கடைசிப் பால்குடமும் தண்டவாளத்தை விட்டு இறங்கிய பிறகுதான் புஷ்பவல்லி கொடியைச் சுருட்டினாள். அப்புறம்தான் ஸ்பெஷல் ஸ்டேஷனுக்குள் போயிற்று. அதன் டிரைவர் வளையத்தைத் திருப்பிக் கொடுத்ததும், ஓரமாக நின்ற ரயிலும் மிச்சப் பேரை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது.

பால் கெடவில்லை. மலைமேல் கோயிலில் வெள்ளை வெளேரென்று வேலின் மேல் வழிந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் புஷ்பவல்லியின் கோபம் இறங்கியது.

"கொடியைக் கொடும்மா, தொலைச்சிடப் போற" என்றார் அப்பா.

"நாளைக்குத் தரேன்பா."

அன்றைக்கு அந்தப் பச்சைக்கொடி தூங்கியது புஷ்பவல்லியின் தலையணைக்கு அடியில்.