காற்றுப் படாத தம்பி

பழைய மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த செல் ஆய்வகத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. குடையை வாசலில் சாய்த்தாள். செருப்பை மாற்றிக் கையுறை போட்டாள். வருடக்கணக்காகச் செய்கிற வேலைதான். ஆனாலும் இன்று கையுறையை இரண்டு முறை சரிபார்த்தாள். அவள் வளர்க்கப்போகிற செல்கள், முன்கட்டு வார்டில் படுத்திருந்த அவள் கணவனுக்கு.

ரத்தப் புற்றுநோய்க்காக அவனுக்குத் தம்பியின் எலும்பு மஜ்ஜையை ஏற்றியிருந்தார்கள். கொடுத்துவிட்டு வந்த கொழுந்தன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"இனிமே அண்ணன் சண்டை போட்டா என்னைத் திட்டாதீங்க அண்ணி. ரத்தம்தான் என்னோடது, வாய் அவனோடது."

அடுத்த மாதமே ஏரியில் நீந்தப் போனவன் மூழ்கிப்போனான்.

அதற்கப்புறம்தான் அந்த ரத்தம் திரும்பிக்கொண்டது. தம்பியின் எதிர்ப்புச் செல்கள் அண்ணன் உடம்பை அந்நியமாக எண்ணித் தாக்கின. தோல் தீப்பட்டதுபோல் சிவந்து உரிந்தது. எந்த மருந்துக்கும் அது கேட்கவில்லை. மிச்சமிருந்தது ஒரே வழி. உறைய வைத்திருந்த தம்பியின் மஜ்ஜையிலிருந்து, எதிர்ப்புச் செல்களை அடக்கும் ஸ்டெம் செல்களை வளர்த்து ஏற்றுவது.

முதலில் சாதாரணக் காற்றில் வளர்த்தவை சோதனையில் சும்மா கிடந்தன.

"எலும்புக்குள்ள ஏதும்மா அவ்வளவு ஆக்சிஜன்?" என்றார் டாக்டர். "மூச்சு முட்டுற இடத்துல வளர்ந்தாதான் அதுங்க சமாதானம் பேசும். ஆக்சிஜனைக் குறைச்சு வைங்க. எடுக்கிற வரைக்கும் கதவைத் திறந்துடாதீங்க. காத்துப் பட்டா எல்லாம் வீண்."

தட்டுகளை வளர்ப்புப் பெட்டிக்குள் அடுக்கிக் கதவைப் பூட்டினாள். ஆக்சிஜனை விரட்டிக்கொண்டு நைட்ரஜன் உஸ்ஸென்று உள்ளே இறங்கியது.

அறையில் ஏரிப் பாசி வாடை அடித்தது.

கண்ணாடிக் கதவின் உட்புறம் மெல்ல மெல்லப் பனித்தது, யாரோ வாய் வைத்து மூச்சு விடுவதுபோல.

டொக்.

"அண்ணி."

கொழுந்தனின் குரல், பெட்டிக்குள்ளிருந்து.

"மூச்சு முட்டுது அண்ணி. கொஞ்சம் திறங்களேன்."

கை தானாகக் கைப்பிடிக்குப் போனது. சாப்பாடு போட்டு வளர்த்த பிள்ளையின் குரல். திறந்தால் செல்கள் வீண். செல்கள் வீணானால் வார்டில் கணவன் இல்லை.

"மன்னிச்சுடுப்பா," என்றாள். "உங்க அண்ணனுக்காகத்தான்."

கையை எடுத்துக்கொண்டாள். தட்டும் சத்தம் தேய்ந்து தேய்ந்து, நின்றது.

சோதனையில் செல்கள் அருமையாக வேலை செய்தன. டாக்டரே அசந்துபோனார். ஏற்றிய மறுநாள் காலையில் கணவனின் தோல் வெளுத்துத் தணிந்திருந்தது. கஞ்சி கேட்டான். "உன் கைப்பக்குவம்தான் என்னைக் கொல்லப்போகுதுன்னு நினைச்சேன்," என்று கேலிகூடச் செய்தான். அவளுக்கு அழுகை வந்தது.

மதியம், விரலில் மாட்டியிருந்த கருவியில் ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கியது. முகமூடியை மாட்டினார்கள்.

மார்பு குப்பென்று சிவந்தது. தோல் கொப்பளித்தது. அவன் துடித்து முகமூடியைப் பிடுங்கினான். உடனே சிவப்பு தணிந்தது.

மறுபடி மாட்டினார்கள். மறுபடி எரிந்தது.

"வேணாம்," என்றான் அவள் காதருகில்.

"ஏங்க?"

"நான் மூச்சு விட்டா அவனுக்குக் கோபம் வருது."

நர்ஸ் டாக்டரை அழைக்க ஓடினாள். முகமூடி, கட்டிலருகே உட்கார்ந்திருந்த மனைவியின் மடியில் கிடந்தது. அவன் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது, முகமோ தூங்கும் குழந்தைபோல. எரிய விடுவதா, அணைய விடுவதா?

அவள் மாட்டவில்லை.

எல்லாம் முடிந்தபின் நர்ஸ் அவன் உடம்பைத் துடைத்துவிட்டுச் சன்னலைத் திறந்தாள். மழைக்காற்று உள்ளே வந்தது. அவன் தோலில் ஒரு தழும்புகூட இல்லை.

அன்று பெட்டிக் கதவின் கைப்பிடியிலிருந்து எடுத்துக்கொண்ட அவள் உள்ளங்கை சுரீரென்றது.

விரித்துப் பார்த்தாள். சிவப்பு, மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறிக்கொண்டிருந்தது.

அவள் மூச்சை அடக்கிப் பார்த்தாள்.

சிவப்பு தணிந்தது.