கடைசி முளைக்குச்சி

ஆத்தூர் கால்நடை மருந்தகத்திலிருந்து தளவாயின் தொழுவத்துக்கு ஸ்கூட்டரில் பத்து நிமிடம்தான். வெற்றிலைக் கொடிக்கால்களை ஒட்டிப் போகும் வாய்க்கால் கரைப் பாதை. டாக்டர் ஈவாஞ்சலினுக்கு அதன் ஒவ்வொரு பள்ளமும் அத்துப்படி. ஆனாலும் வயிற்றில் ஆறு மாதப் பிள்ளையைச் சுமந்துகொண்டு, பங்குனி வெயிலில், மத்தியானம் இரண்டு மணிக்கு அதில் குலுங்கிக்கொண்டு போனபோது அவளுக்குத் தளவாயின் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது.

எரிச்சலோடு சந்தேகமும் சேர்ந்திருந்தது. மாடு தும்மினாலே போன் போடுகிற மனிதர் அவர். இரண்டு மாதத்தில் அவருடைய கறவை மாடுகளில் மூன்று செத்திருக்கின்றன. ஒன்றுக்குக்கூட அவளைக் கூப்பிடவில்லை. முதல் மாட்டைப் பாம்பு கடித்துவிட்டது என்றார். இரண்டாவது வயிறு உப்பிச் செத்தது என்றார். மூன்றாவதற்குக் காரணம் கேட்டபோது வானத்தைப் பார்த்தார். மூன்றையும் அவரே குழி தோண்டிப் புதைத்துவிட்டு, காதும் காதும் வைத்தாற்போல் இருந்துவிட்டார். நான்காவது மாடு விழுந்த பிறகுதான் இன்றைக்குப் போன் வந்தது.

கெட்ட மனிதர் என்றும் சொல்லிவிட முடியாது. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து டாக்டரம்மாவுக்குப் பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, தினமும் காலையில் ஒரு தூக்குச்சட்டி நிறையப் பால் மருந்தகத்துக்கு வந்துவிடும். காசு கொடுத்தால் வாங்க மாட்டார். கெட்டியான பால், காய்ச்சினால் விரல் கனத்துக்கு ஆடை படியும். நான்கு மாதமாக அவள் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

தொழுவம் பழையது. கல்தூண்களும் ஓட்டுக்கூரையுமாக நீண்டு கிடந்தது. வெளியே கண்ணைப் பறிக்கிற வெயில். உள்ளே நுழைந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. சாணம், புண்ணாக்கு, வைக்கோல் என்று வழக்கமான வாடைதான் அடித்தது. அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருந்தது. கொம்பு கருகினால் வருமே, அது.

செவலை மாடு வாசலுக்குப் பக்கத்திலேயே விழுந்து கிடந்தது. தளவாயும் அவர் மனைவி செல்லத்தாயும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். ஈவாஞ்சலின் குனிந்து அதன் கழுத்தைத் தொட்டாள். மாட்டின் உடம்பு முழுக்க நடுக்கம் ஓடியது. லேசாகக் கையைத் தட்டினாள். இடி விழுந்ததுபோல் தூக்கிப் போட்டது. எழுப்பிப் பார்த்தார்கள். பின்னங்கால்கள் பின்னிக்கொண்டு மறுபடி விழுந்தது. ஒரு சாண் அகலமுள்ள மூத்திரக்கால்வாயைப் பெரிய கிணற்றைப் பார்ப்பதுபோல் பார்த்து மிரண்டது.

வெறிநாய் கடித்திருக்குமோ என்று முதலில் நினைத்தாள். ஆனால் எச்சில் வடியவில்லை, கத்தலில்லை. நினைப்பு வேறொரு பக்கம் போனது. இந்த ஊரில் கிடையாது என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய நோய் அது. செத்த மாட்டின் எலும்பையும் கறியையும் பொடியாக்கி உயிரோடிருக்கும் மாட்டுக்குத் தீனியாகப் போட்டதால் வெளிநாட்டில் மாட்டுக்கும், அந்தக் கறியைத் தின்ற மனிதர்களுக்கும் வந்த வினை. உள்ளே போனால் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். பிறகு மூளையைப் பொத்தல் பொத்தலாக்கும். அது கிருமிகூட இல்லை. உயிரே இல்லாத ஒன்று. அதனால்தான் கொதிக்க வைத்தாலும் சாவதில்லை, புதைத்தாலும் சாவதில்லை.

தீனிக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டாள். தவிடு, புண்ணாக்கு, வைக்கோல் என்று தளவாய் மளமளவென்று ஒப்பித்தார். பதில் அவ்வளவு வேகமாக வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. கன்றுக்குட்டியாக இருந்தபோது என்று அவள் இழுத்ததும் அவர் முகம் மாறியது. செல்லத்தாயோ அவளையும் பார்க்கவில்லை, விழுந்து கிடந்த மாட்டையும் பார்க்கவில்லை. தொழுவத்தின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாடுகளும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தன.

கோடிச் சுவரை ஒட்டி ஒரு முளைக்குச்சி. அதில் கயிறு மட்டும் கட்டியிருந்தது. கீழே ஒரு பால் வாளி கவிழ்க்காமல் வைத்திருந்தது. மாடு எதுவும் இல்லை. ஆனால் பக்கத்து மாடு அங்கே இன்னொரு மாடு படுத்திருப்பதுபோல ஒதுங்கி இடம் விட்டு நின்றது.

அப்போதுதான் ஈவாஞ்சலினுக்கு அந்தச் சத்தம் உறைத்தது. உள்ளே வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்த சத்தம். மாடு அசைபோடுகிற சத்தம்தானே என்று அவள் காது அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தது. கறக், கறக் என்று நிதானமாக அரைக்கும். விழுங்கும். கொஞ்சம் பொறுத்து உள்ளேயிருந்து ஒரு கவளம் தொண்டைக்கு ஏறும். மறுபடி அரைக்கத் தொடங்கும்.

அவள் ஒவ்வொரு மாட்டின் வாயாகப் பார்த்தாள்.

ஒன்றுகூட அசைபோடவில்லை.

சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"அங்கன என்னத்தக் கட்டியிருக்கிய, அண்ணாச்சி?"

செல்லத்தாய் விடுவிடுவென்று வெளியே போய், வைக்கோல் படப்புக்கு அடியிலிருந்து ஒரு பழைய சாக்கை உருவிக்கொண்டு வந்து டாக்டரின் காலடியில் போட்டாள். தளவாய் அதட்டினார். "ஏளா, சும்மா கெட." அவள் கேட்கவில்லை. தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

கொரோனா ஊரடங்கில் தீவன லாரிகள் நின்றுபோன சமயம். கன்றுக்குட்டிகள் ஐந்து பட்டினி கிடந்தன. தூத்துக்குடி துறைமுகத்துப் பக்கம், யாரும் எடுக்க வராத சரக்கு ஒரு குடோனில் கிடப்பதாக இன்பமணி என்கிற புரோக்கர் சொன்னான். கருவாட்டுத் தூள் என்றான். இந்தக் கரையில் கோழிக்கும் மாட்டுக்கும் கருவாட்டுத் தூள் கலந்து போடுவது புதிதில்லை. தளவாயும் நம்பி நான்கு மூட்டை எடுத்து வந்து தவிட்டோடு பிசைந்து போட்டார். செல்லத்தாய்க்கு மட்டும் அன்றைக்கே உறுத்தியது. கருவாட்டுத் தூளை வெயிலில் காட்டினால் செதில் மினுங்கும். இது மினுங்கவே இல்லை.

ஈவாஞ்சலின் சாக்கை விரித்துப் பார்த்தாள். ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது பாதி அழிந்திருந்தது. மிச்சமிருந்ததை வாசிக்க அவளுக்கு இரண்டு நொடி போதும். மாட்டு எலும்பும் இறைச்சியும் அரைத்த தூள். அசைபோடும் பிராணிகளுக்குக் கொடுக்கக் கூடாது.

அவள் தமிழில் சொன்னதும் தளவாய் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாட்டுப் பொங்கலுக்குச் சந்தனம் வைத்துக் கும்பிடுகிற கையால் பசுவுக்கே பசுவைத் தின்னக் கொடுத்திருக்கிறார். ஈவாஞ்சலினுக்கு அவரைத் திட்ட வாய் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்தையும் மீறி ஒரு கேள்வி முந்திக்கொண்டு வந்தது. பால் வழியாக இந்த நோய் வராது என்றுதான் புத்தகத்தில் போட்டிருக்கிறது. படித்தவள்தான், தெரியும். இருந்தும் கேட்டாள்.

"எனக்கு எந்த மாட்டுப் பால் வந்துச்சு?"

தளவாய் தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அண்ணாச்சி, எந்த மாட்டுப் பால்?"

செல்லத்தாய்தான் சொன்னாள். நாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில், கோடி முளைக்குச்சிக்குக் கீழே மறந்து வைத்த வாளியில் பால் நிறைந்திருந்தது. கறந்த சூடு, நுரை அடங்கவில்லை. மறுநாளும் அப்படியே. கொட்டவும் பயம், பாலைக் காலடியில் கொட்டினால் வீட்டுக்கு ஆகாது. குடிக்கவும் பயம். விற்றால் ஊராருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அதற்கும் மனசு வரவில்லை.

ஈவாஞ்சலின் தன்னையறியாமல் வயிற்றின் மேல் கையை வைத்தாள்.

"நீங்க வேதக்காரங்க, ஏசுவக் கும்புடுறவங்க," என்றார் தளவாய். குரல் உடைந்திருந்தது. "எங்க பக்கத்துப் பேய்பிசாசு ஒங்கள அண்டாதுன்னு நெனச்சேன், தாயீ. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்."

கோடியில் அசைபோடுகிற சத்தம் நின்றது.

கயிறு விறைத்தது. ஏதோ ஒன்று பாரமாக எழுந்து நிற்பதுபோல வைக்கோல் நெரிந்தது. சூடான மூச்சு ஒன்று, கொம்பு கருகிய வாடையோடு, அவள் புறங்கழுத்தில் பட்டது.

அவள் ஸ்கூட்டரை எப்படிக் கிளப்பினாள், எந்த வழியாக வந்தாள் என்று பிறகு யோசித்துப் பார்த்தபோது நினைவில்லை.

ஆனால் வேலையை விடவில்லை. மறுநாள் காலையில் செவலை செத்த தகவல் வந்ததும், சக டாக்டர் நேசக்குமாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். வெளியே வேப்பமரத்தடியில் வைத்து, அவர்தான் மாட்டின் மூளையிலிருந்து மாதிரி எடுத்துப் புட்டியில் போட்டு மூடினார். அவள் தொழுவத்துக்குள் காலெடுத்து வைக்கவில்லை. பாலை வெளியே விடக் கூடாது, மாடு எதையும் விற்கக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தாள். தளவாய் மறுபேச்சில்லாமல் கைநாட்டு வைத்தார்.

ஆய்வகத்திலிருந்து முடிவு வர மூன்று வாரம் ஆனது. வெறிநோய் இல்லை. மற்றதைப் பற்றி, மாதிரி கெட்டுவிட்டதால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை அவள் எத்தனை தடவை வாசித்தாள் என்று கணக்கே இல்லை. உண்டு என்றால் அழுது தீர்த்திருக்கலாம். இல்லை என்றால் ஆலயத்தில் போய் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கலாம். இனிப் பிள்ளை பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், கால் தடுக்கி விழும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். பத்து வருடமோ இருபது வருடமோ, யாருக்குத் தெரியும்.

கணவன் ஜெர்சனிடம் பாலைப் பற்றி மட்டும் சொன்னாள், வாளியைப் பற்றிச் சொல்லவில்லை. அவன் சாயர்புரம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். பாலில் வராது என்று அவனும் புத்தகத்தைத்தான் எடுத்துக் காட்டினான். பாவம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபமும் பண்ணினான். பத்து நாள் போல அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்துக்குப் போய்வந்து மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்தில் தளவாயிடமிருந்து போன் வந்தது. எடுக்கலாமா என்று யோசித்து எடுத்தாள். அவர் குரலில் பல நாளைக்கு அப்புறம் தெம்பு இருந்தது. கோடியில் இப்போது சத்தமே இல்லையாம். வாளி காய்ந்து கிடக்கிறதாம். மாடுகள் அந்த இடத்தில் போய்த் தாராளமாகப் படுக்கின்றனவாம்.

"போயிட்டும்மா," என்றார். "அன்னைக்கு நீங்க வந்துட்டுப் போன பொறவு இங்கன ஒண்ணுமே இல்ல."

அவளுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். வயிற்றில் பிள்ளை புரண்டது. வெளியே நல்ல வெயில், தெருவில் ஐஸ்காரன் மணி கேட்டது.

எதிரே தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஜெர்சன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"ஈவா, சாப்பிட்டு அரை மணி நேரமாச்சு. இன்னும் என்னத்தச் சவச்சிக்கிட்டே இருக்க?"

அவள் தாடையில் கை வைத்துப் பார்த்தாள்.

இடமிருந்து வலமாக, நிதானமாக, அது அரைத்துக்கொண்டிருந்தது. வாயில் ஒன்றும் இல்லை. நிறுத்தப் பார்த்தாள். அது விழுங்கியது; கொஞ்சம் பொறுத்தது.

பிறகு உள்ளேயிருந்து ஏதோ ஒன்று தொண்டைக்கு ஏறியது. கறந்த சூட்டோடு பால் வாசனை அடித்தது.