உடம்புச் சூடு

ஜெபதுரையைப் பார்த்து நாய் குரைக்கவில்லை.

ராஜபாளையத்திலிருந்து குட்டியாக வாங்கிவந்த அந்த வெள்ளை நாய், சிப்பி, ஏசம்மாள் ஒருத்தியைத் தவிர வீட்டில் வேறு யாரையும் ஒரு பொருட்டாக மதித்தது கிடையாது. அவள் மகன் ஜெபதுரை மதராஸிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தெருவே திரும்பிப் பார்க்கும்படி குரைக்கும். அக்கா கிருபாபாய் வந்து சங்கிலியைப் பிடித்த பிறகுதான் அவன் படியேற முடியும். மாசியில் ஏசம்மாளை அடக்கம் செய்ததிலிருந்து அது கல்லறைத் தோட்டத்தை விட்டு நகரவே இல்லை. குழிமேட்டுக்குப் பக்கத்தில் தனக்கும் ஒரு பள்ளம் பறித்துக்கொண்டு அதிலேயே கிடந்தது. அப்பேர்ப்பட்ட நாய், ஐப்பசித் தூறலில் ஜட்கா வண்டி வாசலில் வந்து நின்றதும் கல்லறைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்து, சீமையிலிருந்து திரும்பிய ஜெபதுரையின் இடுப்பில் மூக்கை வைத்து முனகியது. வாலை ஆட்டியது. பிறகு அவன் காலடியில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது.

“சீமைக்குப் போய்ட்டு வந்தா நாய்கூட மரியாதை குடுக்குக்கா” என்று சிரித்தான் அவன்.

கிருபாபாயும் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான், அவன் ஒரு கையால் இடுப்பைப் பொத்திக்கொண்டே நிற்பதைக் கவனித்தாள்.

அவளுக்கு உலகத்தில் மிச்சமிருந்தது இந்தத் தம்பி ஒருவன்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து, கல்யாணம் காட்சி என்று எதையும் நினைக்காமல் அவனைப் படிக்கவைத்தவள் அவள். டாக்டர் பட்டத்துக்காக அவன் புற்றுநோயைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, புற்று சொந்த வீட்டுக்கே வந்து உட்கார்ந்தது. ஏசம்மாள் ஆயுசு முழுக்க வெற்றிலையும் புகையிலையும் மென்றவள். இடது கன்னத்தில் புண் வந்தது. அந்த வாயிலிருந்து ஒழுகியதையெல்லாம், எச்சில் துப்பும் பித்தளைப் படிக்கத்தில் ஏந்தி ஏந்தியே கிருபாபாய்க்கு ஒரு வருஷம் போனது. தலையைத் தூக்கத் தெம்பில்லாத நாளிலும் அம்மா புகையிலையை விடவில்லை. நல்ல பக்கத்தில் ஒரு துண்டை அடக்கிக்கொண்டு, மெதுவாக மென்று, நிறுத்துவாள். நிறுத்தினால் படிக்கத்தை நீட்ட வேண்டும். வேலை அவ்வளவுதான். ஆனால் தூக்கத்தில்கூட கிருபாபாயின் கை நீண்டுகொண்டிருந்தது.

லண்டனில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு வருஷம் வேலை செய்ய ஜெபதுரைக்கு இடம் கிடைத்தது அப்போதுதான். புறப்படும் முன் அம்மாவின் புண்ணிலிருந்து ஒரு துணுக்குச் சதையை நறுக்கிக் கண்ணாடிக் குழாய் ஒன்றில் போட்டுக்கொண்டான். கிருபாபாய்க்கு அது பிடிக்கவில்லை. அம்மாதான் கோணிய வாயோடு கேலி பேசினாள்: “எடுத்துட்டுப் போகட்டும்ட்டி. நானும் சீமையப் பாத்த மாதிரி இருக்கும்.”

அம்மா போனபோது அவன் லண்டனில் இருந்தான். தந்திதான் போனது.

இப்போது திரும்பி வந்திருக்கிறான். இனி மதராஸில் வேலை, வாடகைக்கு வீடு, அக்காவும் கூட வந்துவிட வேண்டும் என்று வந்ததும் வராததுமாகப் பேசினான். அவள் அப்போதே மீன் வாங்க ஆள் அனுப்பினாள். ஆனால் கிணற்றடியில் குளித்தபோது அவன் இடுப்புத் துணியை அவிழ்க்காமல் மேலுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டான். ஆசையாக வைத்த மீன் குழம்பைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டான். நாய் அவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போனது.

அன்று விளக்கு வைத்த பிறகு, ஓட்டிலிருந்து சொட்டும் மழைத்தண்ணீர் அண்டாவில் விழும் சத்தத்துக்கும் தூரத்தில் ராஜபாளையம் ரயில் ஊதிக்கொண்டு போகும் சத்தத்துக்கும் நடுவே, உள்ளறையிலிருந்து அந்த வாடை கசிந்து வந்தது. புகையிலைச் சாற்றின் காட்டமும் அதற்கு அடியில் பழுத்த புண்ணின் தித்திப்பும் கலந்து, சுவரைக் கழுவி வெள்ளையடித்து, படிக்கத்தைத் துலக்கிக் கட்டிலுக்கு அடியில் கவிழ்த்து, எட்டு மாதமாக அவள் விரட்டியிருந்த வாடை. சாம்பிராணி போட்டாள். புகை அடங்கியதும் அது மறுபடி வந்தது. கூடவே ஒரு சத்தமும் வந்தது, ஈரமாக, அவசரமே இல்லாமல், யாரோ வாயை மூடிக்கொண்டு மெல்லும் சத்தம். நாய் எதையோ கடிக்கிறது என்று எட்டிப்பார்த்தாள். நாய் வாயை மூடிக்கொண்டு, அம்மாவின் கட்டிலில் கிடந்த ஜெபதுரையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவனும் வாயை மூடித் தூங்கிக்கொண்டிருந்தான்.

காலையில் அவள் நேராகக் கேட்டுவிட்டாள், இடுப்பில் என்ன கட்டியிருக்கிறாய் என்று.

அவன் ஒளிக்கவில்லை. யாரிடமாவது சொல்லக் காத்திருந்தவன் போலத்தான் சொன்னான். அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் மற்றவர்கள் வளர்த்த துணுக்குகளெல்லாம் சில நாளில் செத்துப்போயினவாம். அம்மாவினுடையது மட்டும் வளர்ந்ததாம். பாதியாக நறுக்கினால் இரண்டு பாதியும் வளர்ந்ததாம். தந்தி வந்த அன்று போய்ப் பார்த்தால் தக்கையை முட்டிக்கொண்டு நின்றதாம். அவன் கிளம்பும்போது கொட்டிவிடச் சொன்னார்கள். மனசு வரவில்லை. அதற்கு உடம்புச் சூடு குறையக் கூடாது. அதனால் துணிப்பையில் வைத்து வயிற்றோடு வயிறாகக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டான். அதற்கு ஊட்டக் கொண்டுவந்த கோழிக்கருச் சாறு பாதி வழியில் தீர்ந்துபோனது. பிறகு என்ன ஊட்டினாய் என்று கேட்டாள். சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினான். முழங்கை மடிப்பு முழுக்க ஊசித் தழும்பு.

கிருபாபாய் அந்தச் சட்டைக் கையை இழுத்து மூடினாள்.

“அம்மா செத்துட்டாடா. நாந்தான் குளிப்பாட்டிப் பெட்டியில வச்சேன்.”

“அங்கன கிடக்கது மிச்சம்க்கா. இது சாகல.”

அதைக் கொண்டுபோய் அம்மாவோடு சேர்த்துவிடுவோம் என்று கெஞ்சினாள். கடைசி நாளில் கல்லறையிலிருந்து எழுந்திருக்கும்போது அவள் குறையில்லாமல் எழுந்திருக்க வேண்டாமா என்று கேட்டாள். அவன் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான்.

“உசுரோட இருக்கிறதப் பொதைக்கச் சொல்லுதியா?”

பையைத் திறந்து காட்டச் சொன்னாள். வெளிச்சம் படக் கூடாது என்றான். தொட்டுப் பார்க்க மட்டும் விட்டான். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி கொதித்தது.

பகல் முழுவதும் பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பாடம் ஓடவில்லை. தம்பி இளைத்திருப்பதும், சோறு இறங்காததும், முகத்தில் அம்மாவின் கடைசி மாதத்து மஞ்சள் ஏறியிருப்பதும் ஒன்றன்பின் ஒன்றாகப் புத்தியில் ஏறின. அது அவனைத் தின்றுகொண்டிருக்கிறது. ஒருத்தியைக் கொடுத்தாயிற்று. இவனையும் கொடுக்க முடியாது. அது உயிரோ, பிணமோ, அம்மாவேதானோ, இன்று மண்ணுக்குப் போக வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டாள்.

பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தாள். ஜெபதுரை காய்ச்சலில் நினைவில்லாமல் கட்டிலில் கிடந்தான். நாய் அவன் மேல் மோவாயை வைத்துப் படுத்திருந்தது. சட்டைக்கு அடியில் கையை விட்டுப் பையின் நாடாவை அவிழ்த்தாள். நாய் உறுமும், கடிக்கும் என்று பயந்தாள். அது ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பை சுலபமாகக் கையோடு வந்தது.

கல்லறைத் தோட்டத்தில் ஆளில்லை. மழை விட்டு, மேற்கே மலை கருத்துக்கொண்டிருந்தது. அம்மாவின் தலைமாட்டில் மண்ணைக் கையாலேயே தோண்டினாள். நகக்கண்ணில் சகதி ஏறியது, தவளைகள் விடாமல் கத்தின, நனைந்த வேப்பிலை வாடை நல்ல வாடையாக மூக்கில் ஏறியது. மனசு லேசாகிக்கொண்டே வந்தது. ஜெபத்தை முணுமுணுத்தபடி பையைக் குழிக்குள் வைத்தாள்.

வைத்த கை நின்றது.

பை குளிர்ந்திருந்தது.

வரும் வழியில் ஆறியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் நாய் கிடந்த பள்ளத்தைப் பார்த்தாள். மழைத்தண்ணீர் நிரம்பியிருந்தது. இத்தனை மாதம் அம்மா இருந்த இடத்தை விட்டு நகராத நாய். பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பின்னாலேயே வரவில்லை. வீட்டிலேயே படுத்திருக்கிறது.

பையைப் பிரித்தாள். கண்ணாடிக் குழாய். தக்கை இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை. நாள்பட்டுக் காய்ந்த கறை மட்டும்.

ஓடினாள். செருப்பு சகதியில் கழன்றது. தெருவில் யாரோ, என்ன டீச்சரம்மா, என்றார்கள். வீட்டு வாசல். இருட்டு. அந்த வாடை தெருவரைக்கும் வந்திருந்தது.

விளக்கைப் பொருத்திக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். ஜெபதுரை விழித்திருந்தான். கண்ணோரம் ஈரம்.

“உங்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சுக்கா. கப்பல் ஏடன் தாண்டுனதுமே குழா காலி. எங்க போச்சுன்னு எனக்குத் தெரியல.” மூச்சு வாங்கினான். “பொறவு தெரிஞ்சுது.”

சட்டையை விலக்கினான்.

இடுப்புக்கு மேலே, இடது பக்கம், தோல் உப்பியிருந்தது. வெற்றிலை அடக்கிய கன்னத்தின் அளவு. நடுவில் ஒரு கீறல். கீறலின் ஓரம் சிவப்பேறிக் கறுத்திருந்தது. சிப்பி அதை ஆசையாக நக்கிவிட்டு நகர்ந்து இடம் விட்டது.

உப்பல் அசைந்தது.

இந்தப் பக்கம் ஒதுக்கியது. அந்தப் பக்கம் ஒதுக்கியது. மெதுவாக. அவசரமே இல்லாமல். அந்த மெல்லலைக் கிருபாபாய்க்குத் தெரியும். ஒரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மெல்லல்.

“அக்கா” என்றான் ஜெபதுரை. “எடுத்துரு.”

விளக்கைக் கட்டிலோரம் வைத்தாள்.

மெல்லுவது நின்றது.

காத்திருந்தது.

கட்டிலுக்கு அடியில் போன அவள் கை, அவளைக் கேட்காமலேயே, படிக்கத்தை எடுத்து அந்தக் கீறலுக்குக் கீழே நீட்டியது. பித்தளையில் ஒரு சொட்டு விழுந்தது.