முதலில் நாய்கள்

அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அதை மட்டும் இன்றைக்கும் யாரிடமும் சொல்லக் கூடாது.

இந்த எண்ணத்தோடுதான் வீப்கே பீச் மரங்களுக்கு நடுவே காரை நிறுத்தினாள். காலை ஏழு மணி. அக்டோபர் மூடுபனி தரையோடு ஒட்டிக் கிடந்தது. வெண்பனி பெய்யாத மாதங்களில் சறுக்குவண்டிக்குப் பதில் மூன்று சக்கர வண்டியைக் கட்டிக் காட்டு மண்பாதையில் நாய்களை ஓட்டுவார்கள். வெயில் ஏறினால் நாய்களுக்கு ஆகாது என்பதால் எட்டு மணிக்கே பந்தயம் தொடங்கிவிடும்.

பின் இருக்கையிலிருந்து ஃபென்யா இறங்கியது. அவள் கணவன் தோர்பெனின் வண்டியை இழுத்த நாய்களில் ஏழு வருடமாக முதலாவதாக ஓடிய நாய். மற்ற மூன்றையும் கொடுத்துவிட்டாள். இதைக் கொடுக்க மனம் வரவில்லை.

பந்தயத்தை நடத்தும் கேசா ஒரு கையில் காபியும் மறு கையில் வாக்கி-டாக்கியுமாக வந்தாள்.

"வந்துட்டியா? வரமாட்டேன்னு என் புருஷன்கிட்ட பந்தயம் கட்டினேன். போச்சு."

"நீ என்னைக்கு ஜெயிச்சிருக்கே?" வீப்கே அந்தக் காபியை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "இது காபியா, நாய்க்கு வச்ச தண்ணியா?"

"நாய்க்கெல்லாம் நல்ல தண்ணிதான் வைப்போம்." சிரித்த கேசாவின் குரல் இறங்கியது. "உனக்கு வேற இடம் போட்டுத் தரேன்டி. பாதை பிரியற அந்த இடத்துல நிக்காதே."

"அங்கதான் நிக்கணும்."

"சரி. தோர்பெனோட பதினாலாம் நம்பரை யாருக்கும் தரல. அவன் முறை வரும்போது ரெண்டு நிமிஷம் வண்டி எதையும் அனுப்பாம வெறுமனே விடப்போறோம். எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க."

வீப்கே தலையசைத்தாள்.

நான்காவது கிலோமீட்டரில் பாதை இரண்டாகப் பிரிகிறது. அங்கே நிற்பவர் கடக்கும் வண்டியின் எண்ணைக் குறிக்க வேண்டும். ஓட்டுபவர் விழுந்து நாய்கள் மட்டும் வண்டியை இழுத்துக்கொண்டு வந்தால் பிடித்து நிறுத்த வேண்டும். முதலில் நாய்கள், பிறகு ஆள். விழுந்தவன் எப்படியும் எழுந்து நொண்டிக்கொண்டு வருவான். பிடிபடாத நாய்கள் நெடுஞ்சாலைக்குப் போய்விடும். நாய் வளர்க்கும் இந்தக் கூட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் பழகியிருந்தார்கள்.

போன வருடம் அவள் அங்கே நின்றபோது தோர்பெனின் வண்டி ஆளில்லாமல் வந்தது. அதைப் பார்த்ததும் அவள் நாய்களிடம் போகவில்லை. வண்டி வந்த வளைவை நோக்கித்தான் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அப்போதுதான் அங்கிருந்து அவன் குரல் வந்தது.

"வீப்கே, நாய்களைப் பிடி!"

குரல் தெளிவாக இருந்தது. அவளுக்கு உயிர் வந்தது. திரும்பி நாய்களைப் பிடித்தாள். கயிற்றுச் சிக்கலைப் பிரித்தாள், பாதங்களைத் துடைத்தாள், தண்ணீர் வைத்தாள். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. பிறகுதான் வளைவுக்கு நடந்தாள், "என்னடா, மண்ணு ருசியா இருந்துச்சா?" என்று கத்திக்கொண்டே.

பெரணிச் செடிகளுக்குப் பின்னால் பள்ளத்தில் கிடந்தான். கழுத்து மரக்கட்டையில் மோதியிருந்தது.

"விழுந்த நொடியிலேயே போயிருப்பார். நீங்க எதுவும் செஞ்சிருக்க முடியாது" என்றார் மருத்துவர்.

அது ஆறுதலுக்காகச் சொன்ன பொய்யாக இருந்தால், அவன் உயிர் பிரிந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் நாய்களின் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உண்மையாக இருந்தால், அவளைக் கூப்பிட்டது யார்? ஒரு வருடமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் படுத்து எழுந்தாள்.

எட்டு மணிக்கு, ஃபென்யா காலடியில் படுத்திருக்க, பாதை பிரியும் இடத்தில் நின்ற வீப்கேயின் வாக்கி-டாக்கியில் நாய்களின் ஓலம் கேட்டது. புறப்படும் இடத்தில் அவை அப்படித்தான் கத்தும். கயிற்றை விட்டதும் ஓடும் நாய்கள் மட்டும் வாயை மூடும். முறைக்குக் காத்திருப்பவை கத்திக்கொண்டே இருக்கும். வண்டிகள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்தன. எண்களைக் குறித்துக்கொண்டே வந்தாள்.

"அடுத்தது பதினாலு," என்றது கேசாவின் குரல். "அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு…"

ஓலம் நின்றது.

மொத்தமாக நின்றது.

"வீப்கே," கேசா கிசுகிசுத்தாள். "இங்க ஒரு நாய் விடாம எல்லாம் வாயை மூடிடுச்சுடி."

வீப்கே கடிகாரத்தைப் பார்த்தாள். இங்கே வந்து சேரப் பத்து நிமிடம் ஆகும். அவனுக்கு எப்போதும் பத்து நிமிடம்தான்.

பதின்மூன்றாம் வண்டி கடந்து போனது. அதன் சத்தம் தேய்ந்ததும் காட்டில் இலையிலிருந்து பனி சொட்டும் ஓசைகூட இல்லை. மூடுபனி நெருங்கி வந்தது. முதலில் வாசனை வந்தது: சூடேறிய பிரேக், அதனோடு அதிமதுர மிட்டாய். ஓட்டும்போது அவன் வாயில் எப்போதும் ஒன்று கிடக்கும்.

பிறகு சக்கரங்கள்.

பாதங்களின் ஓசை இல்லை. சக்கரங்கள் மட்டும் ஈர மணலை அரைத்துக்கொண்டு வந்தன, அவள் முன்னால் வந்ததும் நின்றன.

அங்கே ஒன்றும் இல்லை. பதின்மூன்றாம் வண்டியின் தடத்துக்கு மேல் மூன்று புதிய கோடுகள் அவள் காலடிவரை வந்து முடிந்திருந்தன.

ஃபென்யா எழுந்தது. வாலை ஆட்டவில்லை, உறுமவும் இல்லை. கோடுகள் முடிந்த இடத்துக்கு முன்னால், தன் பழைய இடத்தில் போய் நின்றது. வார் இறுகியதுபோல் அதன் மார்பு முடி மெல்ல அழுந்தியது.

வீப்கேயின் கை தானாகவே அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்திருந்தது. காலம் காலமாகப் பழகிய கை.

வளைவிலிருந்து அந்தக் குரல் வந்தது. அதே தெளிவு.

"வீப்கே, நாய்களைப் பிடி!"

அது அவன் குரல்தான். வலி தெரியாத, பயம் தெரியாத, அவளைத் தன் பக்கம் வரவிடாத குரல். தான் கிடக்கும் கோலத்தை அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தானா? தனியாகவே போய்விட நினைத்தானா? பன்னிரண்டு நிமிடம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவ்வளவுதான். அதைத்தான் அந்தக் குரல் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது.

"நாய்களைப் பிடி…" இப்போது அது கெஞ்சியது.

வீப்கே விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஃபென்யாவை விட்டாள்.

"மாட்டேன்," என்றாள் மெதுவாக, பக்கத்தில் படுத்திருப்பவனிடம் சொல்வதுபோல. "இந்தத் தடவை மாட்டேன், தோர்பென்."

வளைவை நோக்கி நடந்தாள்.