பின்பாரம்

அந்த வண்டிக்குள் ஆமென் சொல்ல இருந்தது இரண்டே பேர். ஹெப்சிபாவின் காதில் விழுந்தது மூன்று.

முதலில் அவள் கணவர் தேவசிகாமணி சொன்னார், ஜெபத்தை முடிக்கும்போது எப்போதும் சொல்கிற அதே அழுத்தத்தோடு. கூடவே அவளும் சொன்னாள். பிறகு வண்டியின் பின்பக்கம், படுதா தொங்கிய இடத்தில், அந்த வார்த்தையை முன்பின் கேட்டிராத ஒருவர் அதன் கடைசி எழுத்தை மட்டும் வாய்க்குள் உருட்டிப் பார்த்ததுபோல, ஒரு மெல்லிய இழுவை. தாமிரபரணி பாறைகளில் இடறி ஓடும் சத்தமும், மருத இலைகளின் சலசலப்பும், மாடுகள் அசைபோடும் ஓசையும் கலந்து வந்துகொண்டிருந்த மாலை நேரம் அது. ஆற்றுச் சத்தம்தான் என்று தன் மனசுக்குச் சொல்லிக்கொண்டாள். மனசு கேட்டுக்கொண்டது, அப்போதைக்கு.

அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. அரிக்கேன் விளக்கின் திரியைச் சந்தோஷமாகக் குறைத்துக்கொண்டிருந்தார்.

சந்தோஷப்பட அவருக்குக் காரணம் இருந்தது. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் அவர். நாற்பது நாள் வயிற்றுக்காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது, அவர் சட்டைக்குள் இன்னொரு ஆளுக்கும் இடம் இருந்தது. பாபநாசத்துக் காற்றும் தண்ணீரும் பத்து நாள் கிடைத்தால் உடம்பு தேறும் என்றார் டாக்டர். அம்பாசமுத்திரம் வரைக்கும் ரயில் வந்து ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டதுதான். ஆனால் ரயிலை விட்டு இறங்கி எங்கே தங்குவது? சத்திரத்தில் இவர்களைச் சேர்க்கமாட்டார்கள், அந்தப் பக்கம் உறவும் கிடையாது. அப்போதுதான் வாத்தியாருக்கு அந்த யோசனை உதித்தது. துரைமார் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் தங்கவில்லையா? நாம் வண்டியையே வீடாக்கிக்கொண்டால் என்ன?

வண்டிக்காரன் காசிலிங்கத்தின் பெரிய கூண்டு வண்டியை வாடகைக்குப் பேசி, தச்சனைக் கூப்பிட்டுப் பலகைத் தளம் போட்டு, விளக்குக்குக் கொக்கி அடித்து, கூண்டில் சின்னதாக ஒரு ஜன்னலும் வெட்டினார். பள்ளிக்கூடத்து அளவுகோலால் அகலத்தை அளந்தார். வழியில் பத்தமடையில் அந்த அளவுக்கே ஒரு புதுக் கோரைப்பாய் வாங்கி, வைக்கோல்மேல் விரித்து, இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம், மூன்றாவதாக ஒரு தலையணைக்குக்கூட இடம் கிடையாது என்று பெருமையாகச் சொன்னார். ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. அவர் இப்படிப் பெருமையடித்து மாதக்கணக்காயிற்று. பெற்ற இரண்டு பிள்ளைகளையும் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தவள் அவள். உலகத்தில் அவளுக்கென்று மிச்சம் இருந்தது அவர் ஒருவர்தான். அந்த ஒருவர் பிழைத்து எழுந்தால் போதும், வண்டியில் என்ன, மரத்தின்மேல்கூடக் குடித்தனம் நடத்தத் தயாராக இருந்தாள்.

பாபநாசத்துக்குச் சற்றுக் கீழே, ஆற்றங்கரை மருதந்தோப்பில் வண்டியை அவிழ்த்தபோதே காசிலிங்கம் ஒன்று சொல்லியிருந்தான். மலைக்கோயிலுக்குப் போகிற வண்டிக்காரர்கள் காலங்காலமாகத் தங்குகிற தோப்பு இது. ஆனால் விளக்கு வைத்த பிறகு இங்கே யாரும் யாரையும் வா என்று கூப்பிடுவதில்லை. சோறு ஆகிவிட்டால்கூட அகப்பையால் பானையை இரண்டு தட்டு தட்டுவார்கள், ஆட்கள் தானாக வந்து உட்காருவார்கள். அவ்வளவுதான். ஏன் என்று வாத்தியார் கேட்டதற்கு, "கூப்பிட்டா வந்திரும்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு, தான் படுக்க ரோட்டோரத்து மண்டபத்தைப் பார்த்துப் போய்விட்டான்.

வாத்தியார் அதை அவமதிக்கவில்லை. யாரையும் அவமதிக்கிற பிறவி அல்ல அவர். சாப்பிடுவதற்கு ஹெப்சிபா பானையைத்தான் தட்டினாள், இருவரும் சிரித்துக்கொண்டார்கள். ஆனால் குடும்ப ஜெபம் என்பது வேறு. உபதேசியாராக இருந்த அவருடைய அப்பா ஒவ்வொரு மாலையும் ஜெபத்தை ஒரே மாதிரிதான் முடிப்பார். இவரும் அதே வரியில்தான் முடிப்பார்: பொழுது சாய்ந்துவிட்டது, வாரும், எங்களோடு தங்கும். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிறபோது அது வெறும் வழக்கம். இங்கே படுதா பாதி விலகிக் கிடந்தது, அதற்கு அப்பால் தோப்பு இருட்டிக்கொண்டு வந்தது. யாரை அழைக்கிறோம் என்று அந்தக் கடைசி வரியில் பெயரே இல்லை என்பது, மூன்றாவது ஆமென் காதில் விழுந்த பிறகுதான் ஹெப்சிபாவுக்கு உறைத்தது.

படுத்தவுடன் அசந்துவிட்டாள். விழிப்பு வந்தபோது முதுகு கூண்டின் மூங்கில் வளையத்தில் அழுந்தி வலித்துக்கொண்டிருந்தது. இவர்தான் புரண்டு புரண்டு நெருக்கிவிட்டார் என்று நினைத்து, முழங்கையால் மெல்லத் தள்ளினாள். அசையவில்லை. ஈரத் துணி சுற்றிய பாறாங்கல்லைத் தள்ளுவதுபோல இருந்தது. ஆற்றடிச் சேற்றின் வாடை அடித்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

அப்போது அவர் இருமினார்.

அந்தக் கோடியிலிருந்து. வண்டியின் மறுபக்கத்து ஓரத்திலிருந்து.

ஹெப்சிபா முழங்கையை மெல்லத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். விடியும்வரை அதை நீட்டவில்லை.

காலையில் அவர் நன்றாகத் தூங்கினேன் என்றார். ஆனால் அவருடைய இடது கன்னமும் காதும் ஆற்றுக்கல்லாகச் சில்லிட்டிருந்தன. அவள் உள்ளங்கையைத் தேய்த்துத் தேய்த்து ஒத்தடம் கொடுத்தாள், சூடு ஏறவில்லை. அருவிக்குக் குளிக்கப் போகக் காசிலிங்கம் வண்டியைப் பூட்டினான். இருவரும் ஏறி உட்கார்ந்ததும் நுகத்தடி மாடுகளின் கழுத்தை விட்டு மேலே எழும்பியது.

"பின்பாரமா இருக்கு. முன்னால தள்ளி உக்காருங்க" என்றான்.

தள்ளி உட்கார்ந்தார்கள். நுகத்தடி இறங்கவில்லை. இன்னும் தள்ளினார்கள். காசிலிங்கத்தின் முதுகை ஒட்டி உட்கார்ந்த பிறகும், பின்னால் இரண்டு மூட்டை நெல் ஏற்றியதுபோல வண்டி அண்ணாந்தே நின்றது. பின்பக்கம் பாயையும் கூஜாவையும் தவிர ஒன்றும் கிடையாது. காசிலிங்கம் இறங்கி வண்டிக்கு அடியில் பார்த்தான், பின்னால் போய்ப் படுதாவைப் பார்த்தான், அதைத் தூக்காமலே திரும்பி வந்தான். நேற்று விளக்கு வைத்த பிறகு யாரையாவது கூப்பிட்டீர்களா என்று கேட்டான். வாத்தியார் சிரித்துக்கொண்டே இல்லை என்றார். அவரைப் பொறுத்தவரை அது பொய் இல்லை. ஹெப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள். இப்போதே திரும்பிவிடலாம் என்று அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். அண்ணாந்தபடியே வண்டி அருவிக்குப் போய் வந்தது. குளித்துவிட்டு வந்து நாலு இட்டலி சாப்பிட்டார் அவர், காய்ச்சலுக்குப் பிறகு முதல்முறையாக. அந்த நாலு இட்டலி அவள் வாயை அடைத்துவிட்டது.

அன்று மாலை அவள் கெஞ்சினாள். அந்தக் கடைசி வரி மட்டும் வேண்டாம் என்றாள்.

"அப்பா சொன்ன ஜெபம்லா அது. அதை விட்டா எனக்கு ஜெபிச்ச மாதிரியே இருக்காதே" என்றார். அவள் கண் கலங்கியதைப் பார்த்து, சரி, பெயரைச் சேர்த்துச் சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். அப்படியே ஆண்டவருடைய பெயரைத் தெளிவாகச் சொல்லி அழைத்தார். ஆனால் ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டவருக்கு அதனால் என்ன?

ஆமென் என்றார் அவர். ஆமென் என்றாள் அவள்.

ஆமென்.

இந்த முறை இழுவை இல்லை. முழு வார்த்தை. படுதாவுக்கு வெளியேயும் இல்லை. இருவருக்கும் நடுவில்.

விளக்கு வெளிச்சத்தில் அவர் முகம் மாறியதை ஹெப்சிபா பார்த்தாள். அவருக்கும் கேட்டுவிட்டது. அவள் பக்கம் கையை நீட்டினார். அவளும் நீட்டினாள். ஒரு முழத் தூரம். விரல்கள் எட்டவில்லை. அவர் கை நடுவழியில் எதிலோ பட்டு நின்றுவிட்டது, தோளில் கை போட்டதுபோல. எடுக்க முடியவில்லை அவரால். விளக்கை அணைக்கவும் இல்லை. எண்ணெய் தீர்ந்து அதுவாகவே அணைந்தது.

விடிந்தபோது அவரால் தானாக எழுந்து உட்கார முடியவில்லை. குளிர் தோள்வரை இறங்கியிருந்தது. காசிலிங்கம் மண்டபத்திலிருந்து வந்து ஒரு பார்வை பார்த்தான், உடனே மாடுகளைப் பூட்டினான்.

வண்டி நகர மறுத்தது. நுகம் அண்ணாந்து, பூட்டுக்கயிறு மாடுகளின் தொண்டையை இறுக்கியது. வாயில் நுரை தள்ளியது. வாத்தியாரை முன்னால் சாய்த்து உட்காரவைத்து, அவள் இறங்கி நின்றாள். அப்போதும் பின்பாரம்.

காசிலிங்கம் தார்க்குச்சியைக் கீழே போட்டுவிட்டான். "அழைச்சவுகதான் அனுப்பணும், வாத்தியாரய்யா. பின்னால திரும்பி, போன்னு ஒரே வார்த்தை சொல்லுங்க. வேற ஒண்ணும் சேத்துச் சொல்லப்படாது."

அவள்தான் முதலில் சொன்னாள். போ என்றாள். போ, போ என்று தொண்டை கிழியக் கத்தினாள். பதிலுக்கு ஒரு துரும்பும் அசையவில்லை. அவள் அழைக்கவில்லையே.

"இங்க பாருங்க, எனக்காகச் சொல்லுங்க. ஒரு வார்த்தைதான்" என்று அவர் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சொன்னாள்.

தேவசிகாமணி பிரயாசைப்பட்டுத் திரும்பினார். உதடு உலர்ந்து ஒட்டிக்கிடந்தது. வாசலுக்கு வந்த பிச்சைக்காரனைக்கூடப் போ என்று சொல்லி அறியாத மனிதர் அவர். முதல் வகுப்புப் பையன்களைக்கூட மரியாதையாக அழைப்பார். நாற்பது வருஷத்துப் பழக்கம் நாக்கில் குடியிருந்தது. அந்த நாக்கு அசைந்தது.

"சரி" என்றார். "போயிட்டு வாங்க."

தடாலென்று நுகம் மாடுகளின் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. வண்டி குதித்து ஓடியது. ஹெப்சிபா ஓடிப்போய்த் தொற்றி ஏறவேண்டியிருந்தது.

அவர் என்ன சொன்னார் என்பது மூன்று பேருக்கும் கேட்டது. மூன்று பேரும் கேட்காததுபோல இருந்தார்கள். வேறு என்ன செய்ய?

கல்லிடைக்குறிச்சித் தெருக்களில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. உளுந்தும் பெருங்காயமும் கலந்த வாசனை வந்தபோது, பசிக்கிறது என்றார் அவர். சேரன்மாதேவி வருவதற்குள் அவருடைய கன்னத்தில் சூடு திரும்பிவிட்டது. வண்டி இறகாக ஓடியது. ஒவ்வொரு ஊர் தாண்டியதும் அவள் நுகத்தடியைப் பார்த்தாள், அது தன் இடத்தில் இருந்தது. வாங்க என்பது வெறும் மரியாதைக்குச் சொல்வது, அதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள் என்று பத்தமடை தாண்டும்போது தன்னையே தேற்றிக்கொண்டாள். பாதி நம்பிவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். காசிலிங்கம் சாமான்களை அவசரமாக இறக்கிவைத்தான். தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னல்களையும் அடைத்தாள். அவருக்காக இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டு, அதன்மேல் அந்தப் புதுப்பாயை விரித்தாள், விரிக்க வேறு பாய் இல்லாததால். ஜெபத்துக்கு முழங்கால்படியிட்டபோது, அவர் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். அவரும் புரிந்துகொண்டார். இருவரும் கண்ணை மூடி, மனசுக்குள்ளேயே ஜெபித்தார்கள். உதடு அசையவில்லை. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

ஆமென்.

அறைக்குள்ளிருந்து. அவருடைய குரலிலேயே. அதே அழுத்தம்.

அவள் கைக்கு அடியில் அவர் உதடு மூடியேதான் இருந்தது. சில்லிட்டிருந்தது.

அவர் மெல்ல அவள் கையை விலக்கினார். எழுந்தார். பாயில் போய், சுவரோரமாக, சுவரில் மூக்கு இடிக்கிற மாதிரி ஒட்டிப் படுத்துக்கொண்டார். விருந்தாளி வந்த வீட்டில் ஒதுங்கி இடம் கொடுக்கிறவரின் முகம். கண் மூடியிருந்தது.

"வாங்க" என்றார். "படுங்க. இடம் இருக்கு."

இத்தனை வருஷத்தில் அவர் அவளை ஒருநாளும் வாங்க என்று அழைத்ததில்லை.

சேற்று வாடை வந்தது. ஹெப்சிபா விளக்கை உயர்த்திப் பிடித்தாள். பாயின் நடுவில் கோரைகள் மெல்ல நெரிந்தன. தலைமாட்டில் ஒரு குழி விழுந்தது. பிறகு தோளுக்கு. பிறகு இடுப்புக்கு. பைய, பைய, கால்மாடுவரை.

இந்தப் பக்கத்து ஓரத்தில் ஒரு சாண் இடம், அவளுக்கென்று, மிச்சம் இருந்தது.