கீழே போட்ட ஓட்டைகள்

உள்ளே விழுந்த இரும்பு சத்தம் போடவில்லை.

அவன் காதைச் சுவரோடு ஒட்டிவைத்துக் காத்திருந்தான். போல்ட்டைக் கழற்றினால் அதன் முனையில் இருக்கும் ஸ்பிரிங் றெக்கை சுவருக்குப் பின்னால் விழுந்துவிடும், திரும்ப எடுக்க முடியாது என்று மச்சான் போனில் எச்சரித்திருந்தார். விழுந்தது விரலுக்குத் தெரிந்தது. ஆனால் உள்ளே தகரச் சட்டங்கள், நடுவே வெறும் பொந்து, அடியிலும் தகரம். விழுந்த இரும்பு ஒரு ‘ணங்’ சொல்ல வேண்டாமா? யாரோ உள்ளங்கையில் ஏந்திக்கொண்ட மாதிரி இருந்தது.

இருந்த எரிச்சலில் அதை யோசிக்கத் தோன்றவில்லை. காலையிலிருந்து இதே வேலை. சோபா வாங்காத வீடு, தரையில் உட்கார்ந்துதானே டிவி பார்க்கிறோம் என்று சப்பணமிட்டு அமர்ந்து கண் உயரத்துக்கு அளவெடுத்து, பெருவிரல் நுழையும் அகலத்தில் இரண்டு ஓட்டை போட்டு, போல்ட்டும் முடுக்கிவிட்டான். அப்போதுதான் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, இவ்ளோ கீழயா மாட்டுவாங்க? முந்தாநாள் நம்ம குட்டி டிவிய மேசையிலேர்ந்து இழுத்து, தலைமேல விழப் பாத்துச்சே. மறந்துட்டீங்களா?”

மறக்கவில்லை. டிவி சாய்ந்ததும், அவன் பாய்ந்து தாங்கியதும், அடியில் குழந்தை கைதட்டிச் சிரித்ததும் கண்ணை மூடினால் வருகிறது. அதனால்தான் இன்றே உயரத்தில் மாட்டியாக வேண்டும்.

இரண்டாவது றெக்கையும் விழுந்தது. அதுவும் சத்தம் போடவில்லை.

“மச்சான், ரெண்டு றெக்கை உள்ள போயிடுச்சு.”

மனைவியின் அண்ணன் ஊரில் தச்சுவேலை பார்ப்பவர். ஸ்பீக்கரில் சிரித்தார். “அளவெடுக்கச் சொன்னா தவத்துல உக்காந்திருக்கீங்களே மாப்ள.”

“சிரிக்காதீங்க. மிச்சம் ரெண்டுதான் இருக்கு.”

“றெக்கை இல்லாம போல்ட் நிக்காது. முன்னாடி இருக்கறது வெறும் ஜிப்சம் மாவுப் பலகை. பின்னாடி பிடிக்க ஏதாவது வேணும். இல்லன்னா சட்டத்துல போடுங்க. காந்தம் வச்சுப் பாருங்க, இரும்பு இருந்தா ஒட்டும்.”

பிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தைக் கொண்டுவந்தான். ஓரிடத்தில் ஒட்டியது. பென்சிலால் கோடு போட்டுவிட்டு டிரில்லை எடுத்துத் திரும்பினால், காந்தம் ஒரு சாண் தள்ளி ஒட்டியிருந்தது. கோட்டிலேயே துளைத்தான். வெறும் பொந்து. காந்தம் இருந்த இடத்தில் துளைத்தான். அங்கும் பொந்து. ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது, அதன் பின்னாலேயே, பல் துலக்காத வாயைப் பக்கத்தில் கொண்டுவந்த மாதிரி ஒரு வெதுவெதுப்பு.

“பாழாப்போன சுவரு,” என்று பல்லைக் கடித்தான்.

கடைசியில் டிவியைத் தாங்கும் பிராக்கெட்டை உயரே வைத்து, அதன் மேல் ஓட்டைகளில் றெக்கையோடு இரண்டு போல்ட், கீழ் ஓட்டைகளில் வெறும் போல்ட் இரண்டு. ஒப்புக்குத்தான் செருகினான். வெறும் போல்ட் ஸ்பேனரில் சும்மாவே சுற்றியது, சுற்றியது, பிறகு கவ்வியது. இறுகியது. அவன் திருப்புவதற்கு எதிராகப் பின்னாலிருந்தும் ஏதோ திருப்பியது போல, பிராக்கெட் சுவரோடு நறுக்கென்று ஒட்டிக்கொண்டது. அவன் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. எது பிடித்தால் என்ன, நின்றால் சரி.

மனைவியும் ஒரு கை கொடுக்க, டிவியைத் தூக்கி மாட்டினார்கள்.

“நிக்குதா மாப்ள?”

“ஜம்முனு நிக்குது. ரெண்டு போல்ட்டு றெக்கை இல்லாமலே பிடிச்சிடுச்சு மச்சான்.”

இந்தமுறை மச்சான் சிரிக்கவில்லை.

“எதுல பிடிச்சுது?”

போன் அணைந்துவிட்டது. சார்ஜ் இல்லை.

“கீழ வாஷிங் மெஷின்ல துணி கிடக்கு, எடுத்துட்டு வந்துடறேன். குட்டியப் பாத்துக்குங்க,” என்று மனைவி கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவன் தரையில் கொட்டிய மாவைக் கூட்டினான். குழந்தை தவழ்ந்து போய், டிவிக்கு நேர் அடியில் உட்கார்ந்தது.

சுவரில் மெல்லிய கிறீச்.

நிமிர்ந்தான். டிவிக்கும் சுவருக்கும் நடுவே இடுக்கில் தெரிந்த கீழ்ப் போல்ட்டின் தலை சுற்றிக்கொண்டிருந்தது. மெதுவாக. இடப்பக்கமாக. அவசரமே இல்லாமல்.

துடைப்பத்தை எறிந்துவிட்டு ஓடினான். தோளையும் இரு கைகளையும் டிவிக்கு அடியில் கொடுத்தான். போல்ட் வெளியே வந்து தரையில் விழுந்தது. ணங். அடுத்தது. ணங். மேலே இருந்த இரண்டும் சுற்றத் தொடங்கின.

ணங்.

ணங்.

முழுக் கனமும் அவன் கையில் இறங்கியது. நகர்ந்தால் குழந்தையின் தலையில் விழும்.

“குட்டி. அப்பாகிட்ட இருந்து தள்ளிப் போம்மா. அம்மா எங்க பாரு, போ.”

குழந்தை போகவில்லை. சுவரைப் பிடித்து எழுந்து நின்று, தன் கண்ணுக்கு நேரே, அவன் முதலில் போட்ட இரண்டு ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிஞ்சுக் கையால் சுவரைத் தட்டியது. இரண்டு தட்டு.

உள்ளிருந்து இரண்டு தட்டு.

குழந்தை சிரித்தது.

ஓட்டையிலிருந்து மாவு உதிர்ந்தது. ஒரு விரல் வந்தது. வெள்ளையாக. ஒரு கணு. இன்னொரு கணு. அதற்கப்புறமும் ஒரு கணு, அதற்கப்புறமும். நுனியில் மோதிரம் மாதிரி அந்த றெக்கை. விரித்து, மூடி, விரித்து, பொம்மை காட்டுவது போல் குழந்தையின் முன்னால் நீட்டியது.

அவன் கைகள் டிவிக்கு அடியில் இருந்தன.

குழந்தை கையை நீட்டியது.